வால் பக்கம் மூன்று மூட்டை

ஏப்ரல் 29

தண்ணி முறை நம்முடையது. ராத்திரி வரை வாய்க்காலிலிருந்து பாய்ந்தது. மழை இல்லை. விதை மஞ்சள் இன்னும் அமையவில்லை. போன வருஷக் கிழங்கில் பாதி அழுகல், அதையே திரும்ப நட்டால் என்னைப் போல முட்டாள் கொடுமுடி வட்டாரத்திலேயே இருக்க மாட்டாள்.

இந்த டைரியில் மழையும் தண்ணி முறையும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். மருமகள் வாணி மகாராஷ்டிரத்துக்குப் போய் ஒரு கிளைடரை ரோட்டு வழியாகவே இழுத்துக்கொண்டு வரப் போகிறாள். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஒரு லாரி இன்ஜின் கம்பியைச் சுருட்டி இழுக்க, காற்றாடி மாதிரி மேலே ஏறி, கம்பியைக் கழற்றிவிட்டு, சூட்டுக் காற்றில் கழுகு சுற்றுகிற மாதிரி சுற்றுமாம். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது ஓட்டிப் பழகியவள். இப்போது அவளும் கோயமுத்தூர் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து, அங்கே மூடிவிட்ட ஒரு கிளப்பிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். தாராபுரத்துக்குத் தெற்கே, பழைய மில்லுக்குச் சொந்தமான ஓடுபாதையில் பறக்கப் போகிறார்கள்.

சாப்பிடும்போது என் மகன் பூபதி, “லாரில போட்டு அனுப்பச் சொல்லிட்டுப் போவியா” என்றான். வாணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். சிநேகிதி ஒருத்தியின் கிளைடரை அப்படித்தான் லாரியில் போட்டார்களாம். லோடுமேன் கயிற்றை இறுக்கோ இறுக்கென்று இறுக்கி, இறங்கும்போது றெக்கை நசுங்கிக் கிடந்ததாம். இங்கே ஒட்டுப் போட ஆளே இல்லை. அதற்கென்று செய்த நீள ட்ரெய்லரில் வைத்து, ஜீப்பில் கோத்து, மெதுவாக இழுத்து வர வேண்டும். மே ஒன்பதாம் தேதி பெங்களூரிலிருந்து சோதனை செய்கிறவர் வருகிறார். அன்றைக்கு அது முழுசாக நிற்க வேண்டும். தவறினால் தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும், பிறகு அடுத்த வருஷம்தான். ஓடுபாதைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

“ட்ரெய்லர் ஓட்டிப் பழகுன டிரைவர்தான் கெடைக்கலீங்க” என்றாள்.

“நான் எதுக்கு இருக்கறேன்?” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன பார்வை? கல்யாணமான நாளிலிருந்து டிராக்டரும் ட்ரெய்லரும் ஓட்டுகிறேன். கரும்பு, தேங்காய், மஞ்சள், எதை ஏற்றவில்லை? எங்கள் களத்தில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க இரண்டு ஆம்பளைகள் நின்று வலது இடது என்று கத்துவார்கள். நான் ஒற்றை ஆளாக எடுத்து நிறுத்திவிட்டு அவர்களுக்கு டீ போடுவேன்.

எனக்குப் பறக்கிற ஆசையெல்லாம் கிடையாது. ஓட்ட ஆளில்லையே என்றுதான்.

மே 2

தாவணகெரே. ஜீப் மட்டும்தான், பின்னால் இன்னும் ஒன்றும் இல்லை. அப்பா, என்ன ரோடு! என்ன ரோடு! ஈரோட்டைத் தாண்டினால் பழனி, பழனியைத் தாண்டினால் திருச்செந்தூர் என்று இருந்தவள் ஒரே மூச்சில் கர்நாடகத்தின் நடுவே வந்து நிற்கிறேன். வாணி ஓட்டுகிறேன் ஓட்டுகிறேன் என்று கேட்டாள். கொடுக்கவில்லை.

மே 4

சதாராவுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். நேற்று ராத்திரியே வந்து சேர்ந்துவிட்டோம். கொட்டகைக் கதவைத் திறந்ததும் வாணி “ஐயோ” என்றாள். நான் பயந்து போனேன். அப்புறம் பார்த்தால் அது சந்தோஷம்.

வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உடம்பு ஒல்லி, றெக்கை மட்டும் எங்கள் களத்தைவிட நீளம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. மேலே முழுக்கக் கண்ணாடி மூடி. உள்ளே ஒரே தூசி. துடைக்க வேண்டியிருந்ததால் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். துடைத்து முடித்த பிறகும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன், கால் வலி.

“இந்த எடத்துல எத்தனை கனம் வரைக்கும் உக்காரலாம் அம்மணி?”

“எதுக்குங்க அத்தை?”

“சும்மா கேட்டேன்.”

அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. பதில் சொல்லவில்லை.

கழற்றுவதற்குப் பகல் முழுக்க ஆயிற்று. இரண்டு குண்டு ஆணியை உருவினால் றெக்கை கழன்றுவிடுகிறது! அந்த இரண்டு ஆணியை நம்பித்தான் மனுஷர்கள் மேலே போகிறார்கள். கிளப்பின் பழைய ஆட்கள் நாலு பேர் ஒரு றெக்கையைப் பிடித்தார்கள். தடித்த பக்கம் முதலில், சின்ன வண்டியில் வைத்து, ட்ரெய்லருக்குள் தள்ள வேண்டும். நுனி பின்னால் பஞ்சுத் தொட்டிலில் படுக்கும். உடம்பை மூக்கு முன்பக்கம், வால் பின்பக்கமாக ஏற்றினோம். வாலை ஆட்டுகிற சுக்கான் பலகை அசையாமல் இருக்கக் கம்பளி சுற்றிக் கட்டினாள். கண்ணாடிக்கு வெள்ளைத் துணி. வெயில் அந்த வளைந்த கண்ணாடியில் பட்டால் பூதக்கண்ணாடி மாதிரி உள்ளே இருக்கையைப் பொசுக்கிவிடுமாம்.

நான் பட்டையை இழுத்தேன். நம் பழக்கத்துக்கு, முழங்காலை முட்டுக்கொடுத்து ஓர் இழு. வாணி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். “அத்தை, இது கரும்பு லோடு இல்லீங்க. ரெண்டு வெரல் உள்ள போகோணும்.” இரண்டு விரல் போகிற கட்டுக்குக் கட்டு என்று பெயரா? இருந்தாலும் விட்டுவிட்டேன்.

கடைசியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எடைமெஷினை ட்ரெய்லரின் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். நாம் ஏறி நின்று எடை பார்ப்போமே, அதேதான். எழுபது காட்டியது. அவள் முகம் மலர்ந்தது. “முன்னாடி இந்தக் கனம் ஜீப்பு கொக்கீல உக்காரோணுங்க அத்தை. கொறைஞ்சா வண்டி வாலை ஆட்ட ஆரம்பிச்சுரும். ஆட ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்.” பிறகு விரலை நீட்டிக்கொண்டு, “இதுக்குள்ள கிளைடரைத் தவிர ஒரு குண்டூசிகூட ஏறக் கூடாதுங்க.”

“சரி அம்மணி.”

கிளம்புமுன் வால் நுனியில் மஞ்சள் குங்குமம் வைக்கப் போனேன். புது டிராக்டருக்கு வைக்காமல் இருப்போமா? அதற்கும் தடை. பெயின்ட்டில் எதுவும் படக் கூடாதாம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் அனுமதித்தாள். பெரிய மனசு.

மே 5

சாங்லி. வாணிக்கு வெயிலில் தலைவலி, மத்தியானமே லாட்ஜில் படுத்துவிட்டாள்.

சாங்லி என்றால் என்ன ஊர்? மஞ்சள் ஊர்! ஈரோட்டுக்குப் போட்டி இந்த ஊர்தானே. வாழ்நாளெல்லாம் பெயரை மட்டும் கேட்டவள், வாசலில் வந்து நின்றுகொண்டு லாட்ஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேனா? ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனேன். எனக்கு மண்டிக்காரன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை தெரியாது. கிழங்கை எடுத்து ஒடித்துக் காட்டினான். உள்ளே நாட்டுக்கோழி முட்டைக் கரு மாதிரி ஒரு நிறம். அழுகல் இல்லை, பூச்சி இல்லை. ஒரு துண்டைக் கடித்தேன். அதற்கு மேல் பாஷை எதற்கு?

விதை மஞ்சள், மூன்று மூட்டை.

ஜீப்பில் இடமில்லை. பின் சீட்டு முழுக்க அவளுடைய இரண்டு பாராசூட், மெத்தைகள், என் அடுப்பு, பாத்திரம். ட்ரெய்லரில் பார்த்தால் வால் பக்கம் கிளைடர் ஒல்லியாகிப் போகிறது, இரண்டு பக்கமும் அத்தனை இடம் சும்மா கிடக்கிறது. எங்கள் வம்சத்தில் யாரும் ட்ரெய்லரைக் காலியாக ஓட்டியதில்லை. காலியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், பின்னால் நாலு மூட்டை போட்டால் அடங்கும், இது டிராக்டர் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கிளைடரிலிருந்து தள்ளித்தான் வைத்தேன். இறுக்கமாகவும் கட்டவில்லை, இரண்டு விரல் போகிற மாதிரி.

ட்ரெய்லர் சாவி என் இடுப்புக் கொத்தில் இருக்கிறது. எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அவளுக்குத் தலைவலி. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 6

பெல்காம் தாண்டி நல்ல ரோடு. சந்தோஷமாக ஓட்டினேன். வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டுகிறார்கள். ஒரு டோல்கேட்டில், உள்ளே என்ன படகா என்று கேட்டார்கள். “ஏரோப்ளேன்” என்றேன். நம்பாமல் சிரித்தார்கள்.

வேகம் கொஞ்சம் ஏறினால் ட்ரெய்லர் லேசாக வாலை ஆட்டுகிறது. லேசாகத்தான். வாணி உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தை, ஆடுதுங்களா?”

“காத்து அம்மணி.”

நிறுத்தி டயர் காற்றைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். எல்லாம் சரி. மறுபடியும் கிளம்பினோம், மறுபடியும் ஆட்டம். பக்கவாட்டுக் காற்று உண்மையிலேயே இருந்தது. மரங்கள் அசைந்தன. பொய் சொல்லவில்லை.

மத்தியானம் தோசை ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வாணி இன்னொன்று வைக்கச் சொன்னாள். வயிறு சரியில்லை என்றேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, சும்மா கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று தோன்றியது. ராத்திரி மறுபடியும் தாவணகெரே, அங்கேயும் ஒன்றுதான்.

மே 7

கிருஷ்ணகிரி. நாற்பதுக்கு மேல் போகவிடவில்லை. நாற்பதில் ஆட்டம் இல்லை. ஆனால் லாரி தாண்டும்போதெல்லாம் பின்னால் ஓர் இழுப்பு, ஸ்டியரிங்கில் தெரிகிறது. இருபத்தஞ்சு டன் கரும்பு இழுத்தபோதுகூட இப்படி என் கை வேர்த்ததில்லை.

காலையில் வாணி எடைமெஷினைத் தேடினாள். கொக்கியில் உட்காரும் கனத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம். அது எப்படியோ என் புடவை மூட்டைக்கு அடியில் போய்விட்டிருக்கிறது. அவளும் அடுப்பையெல்லாம் நகர்த்தித் தேடினாள். அங்கே மட்டும் தேடவில்லை. மாமியார் புடவையைக் கலைக்கக் கூடாது என்கிற மரியாதை. ட்ரெய்லரையாவது திறந்து பார்க்கலாம் என்றாள். ரோட்டோரத்தில் திறந்தால் தூசி போகும், ஊரில் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

மூன்று மூட்டைக்கு இவ்வளவு ஆட்டமா? இருக்காது. டிராக்டருக்குப் பின்னால் எத்தனையோ ஏற்றியிருக்கிறேன். இருக்காது என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் லாட்ஜ் வாசலில் வாணி போனில் சிநேகிதர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். “என்ற தப்புதான். கிளைடர் உடம்பு வழியில ஒரு சாண் பின்னாடி நகந்துருச்சு போல. கட்டை லூசா விட்டுட்டேன். ட்ரெய்லரை இங்கியே யாராவது தோட்டத்துல விட்டுட்டு வந்தரலாமான்னு இருக்குது. சனிக்கிழமை போனாப் போகுது. அத்தையைக் கூட்டிட்டு வந்து எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

படியில் நின்று கேட்டேன். இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கால் இறங்கவில்லை. ஆறு வருஷமாக இந்தப் பெண் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது போய்விடுமே என்று இருந்தது. மெதுவாகப் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம் அம்மணி என்று மட்டும் தைரியம் சொன்னேன்.

மே 8

உயிரோடு இருக்கிறேன். எழுதுகிறேன்.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். எல்லோருக்கும் தெரிந்த மோசமான இடம். இரண்டாவது கியர் போட்டு மெதுவாகத்தான் இறக்கினேன். பாதி இறக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி எங்களை ஒட்டித் தாண்டியது. அதன் காற்று ட்ரெய்லரை முதலில் அந்தப் பக்கம் தள்ளியது, பிறகு இந்தப் பக்கம் இழுத்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், ட்ரெய்லர் என் வலது பக்கம் வந்து நிற்கிறது! அடுத்த நொடி இடது பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது. ஜீப்பின் பின்பக்கத்தையே தூக்கித் தூக்கிப் போட்டது.

“பிரேக்கு வேண்டாமுங்க அத்தை!”

மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் ட்ரெய்லர் எங்களை முறித்துக்கொண்டு முன்னால் வந்திருக்கும், அது எனக்கும் தெரியும். ஸ்டியரிங்கை நேராக, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். இறக்கம் தள்ளுகிறது, இன்ஜின் அலறுகிறது, பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தவன் விடவே இல்லை. ஒரு வளைவு தாண்டி ரோடு சற்றுச் சமமாயிற்று. ஆட்டம் ஒரு சாண் குறைந்தது. இன்னொரு சாண் குறைந்தது. ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். மாரியம்மனோ எங்கள் கொடுமுடி மகுடேஸ்வரரோ, யார் பிடித்தார்களோ தெரியாது.

வாணி முதலில் இறங்கினாள். ட்ரெய்லர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “மன்னிச்சுக்குங்க அத்தை. என்ற தப்பால உங்களைக் கொன்னிருப்பேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவினேன்.

“உன்ற தப்பு இல்ல கண்ணு. தொற. வால் பக்கம் மூணு மூட்டை விதை மஞ்சள் இருக்குது. சாங்லில நான் ஏத்துனது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முன்பக்கம் போய், கொக்கியைக் கழற்றி, ட்ரெய்லர் மூக்கை ஒரு கையால் தூக்கினாள். கொட்டாங்குச்சி மாதிரி எழுந்து வந்தது. எழுபது கிலோ இருக்க வேண்டிய இடம். அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. டிராக்டர் ட்ரெய்லருக்குக் கனம் சக்கரத்துக்கு நேராக இறங்கும், இதற்கு வால் அத்தனை நீளம். சீசாப் பலகையில் குழந்தை உட்கார வேண்டிய கோடியில் நான் மூட்டையை உட்கார வைத்திருக்கிறேன்.

பின் கதவைத் திறந்தாள். இரண்டு மூட்டை அப்படியே இருந்தன. மூன்றாவது கட்டிலிருந்து நழுவி, வால் சுக்கான் மேல் சாய்ந்து கிடந்தது. கம்பளி விலகி, கிழங்கு நசுங்கி, வெள்ளைப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் சாறு.

“என்ற எடைமெஷினு?”

“என்ற பொடவை மூட்டைக்கு அடீல.”

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வாணி என் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. இன்றைக்கு உயர்த்தினாள். “ரெண்டு நாளா நான் தூங்குல அத்தை! எங்க தப்புப் பண்ணினேன் எங்க தப்புப் பண்ணினேன்னு மண்டைய ஒடைச்சுட்டுக் கெடந்தேன்! பக்கத்துலயே உக்காந்துட்டு, காத்து காத்துன்னு சொல்லிட்டு இருந்தீங்களே! செத்திருப்போமுங்க! ரெண்டு பேரும் செத்திருப்போம்!” லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுகிற தகுதி எனக்கு இல்லை என்று மூட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.

“என்ன பண்றீங்க?”

“ரோட்டோரம் தள்ளிர்றேன் அம்மணி. எனக்கு வேண்டாம்.”

“விதை மஞ்சளையா?” என்றாள். அவளும் மஞ்சள் காட்டுக்காரர் வீட்டுப் பெண்தான். மூட்டையின் மறுகாதைப் பிடித்தாள். “இருங்க. கனமானது ஜீப்புக்கு வரட்டும். மெத்தையும் பாராசூட்டும் பின்னாடி போகட்டும், அதுல ஒண்ணும் கனமில்ல.”

இரண்டு பேரும் மாற்றி ஏற்றினோம். அவள் எடைமெஷினை வைத்தாள். அறுபத்தெட்டு. தலையை மட்டும் ஆட்டினாள். சேலம், ஈரோடு வழியாகத் தாராபுரம் வரை, பின்னால் வண்டி இருப்பதே தெரியவில்லை. சங்ககிரியில் டீக்கு நிறுத்தியபோதும் அவள் பேசவில்லை. ஆனால் எனக்குச் சர்க்கரை கம்மியாகச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

மே 9

சோதனைக்காரர் பெயர் குருவில்லா. குட்டை மனுஷர், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. சிரிப்பே இல்லை. ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு றெக்கை முழுக்க டொக் டொக் என்று தட்டிக் கேட்டார். சத்தம் மாறினால் உள்ளே விரிசலாம். அந்த டொக் டொக் ஒவ்வொன்றும் என் நெஞ்சில்தான் விழுந்தது.

வாலுக்கு வந்ததும் வாணி அவளாகவே சொன்னாள். “சார், வழியில ஆட்டம் கண்டுருச்சு. ஒரு மூட்டை சுக்கான் மேல சாஞ்சிருந்தது. இங்க நல்லாப் பாத்துருங்க.”

“கிளைடர் ட்ரெய்லரில் மூட்டையா? யார் ஏற்றியது?”

“நான்தாங்க சார்.”

சொல்லிவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதை அவள் வாங்கிக்கொண்டு நிற்க, நான் ஓரமாக நிற்பதா?

“அவ ஏத்துல சார். அவ வேண்டான்னு சொல்லியும் அவளுக்குத் தெரியாம நான் ஏத்துனது. திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க.”

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சுக்கானைத் தனியாகக் கழற்றச் சொன்னார். கீல்களை ஒவ்வொன்றாக விளக்குப் பிடித்துப் பார்த்தார், தட்டினார், நகத்தால் சுரண்டினார், மறுபடி தட்டினார். வாணி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாளா, நான் அவள் கையைப் பிடித்தேனா, தெரியவில்லை.

“ஒன்றும் ஆகவில்லை” என்றார். “பறக்கலாம்.”

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வாணியின் சிநேகிதர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குருவில்லாகூடச் சிரித்தார், பல் தெரியாமல்.

மஞ்சள் கறையைத் தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றார். வாணி துணியை எடுத்தாள், கறையைப் பார்த்தாள், துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டுங்க சார்.”

“பெயின்ட்டு மேல எதுவும் படக் கூடாதுன்ன?” என்றேன் மெதுவாக.

“வெச்சாச்சு. பொறவு எதுக்கு அழிக்கோணும்?” தொப்பூருக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

மே 10

மெதுவாக எழுத வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது.

காலையில் வாணியும் இன்னொரு பையனும் ஏறி இரண்டு தடவை பறந்து இறங்கினார்கள். நான் நிழலில் உட்கார்ந்து எல்லோருக்கும் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கவே இல்லை, மோரில் மும்முரம். மூன்றாம் தடவைக்கு முன் வாணி எடைமெஷினைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். என் கால் முன்னால் வைத்தாள்.

“ஏறுங்க அத்தை.”

“எதுக்கு?”

“பின் சீட்டுல உக்கார்றவங்க கனம் தெரியோணுமில்ல.”

எல்லோரும் பார்க்கிறார்கள். ஏறினேன். எழுபத்தொன்று. கிளம்பும்போது எழுபத்து நாலு இருந்தேன்.

“மூணு கொறைஞ்சிருச்சு” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

வாணி கண்ணைச் சுருக்கினாள். “அதுக்குத்தான் ஒத்தத் தோசையா? நூறு வரைக்கும் உக்காரலாமுங்க அத்தை! கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே!”

கேட்டேன், அவள்தான் போனில் இருந்தாள். அதைச் சொல்லவில்லை.

“வேற எதாவது ஏத்தியிருக்கீங்களா?” என்றாள் முகத்தை இறுக்கிக்கொண்டு.

மடியைத் தொட்டேன். சாங்லி மஞ்சளில் ஒரு கிழங்கு முடிந்து வைத்திருந்தேன், ஒரு நல்ல காரியம் என்று. எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள், திருப்பி என் மடியிலேயே வைத்தாள். “சேத்தி எழுதிக்கறேன். வாங்க.”

பின் இருக்கையில் நாலு பட்டை போட்டுக் கட்டினாள். இது மட்டும் இறுக்கம், இரண்டு விரல் இல்லை, ஒரு விரல்கூட நுழையாது. கண்ணாடி மூடியது. தூரத்தில் லாரி இன்ஜின் உறுமியது, கம்பி விறைத்தது, முதுகை யாரோ அறைந்த மாதிரி ஓர் இழுப்பு, அவ்வளவுதான், பூமி போய்விட்டது! வானம் மட்டும்! முருகா என்று கத்தினேன். டக் என்று கம்பி கழன்றது. அதன் பிறகு சத்தமே இல்லை.

கீழே ஓடுபாதை ஒரு கோடு. அந்தப் பக்கம் அமராவதி ஆறு மின்னுகிறது. எங்கெங்கோ தென்னந்தோப்புகள், நடுவே செம்மண் காடு. அம்பத்தேழு வருஷமாக நான் நடந்த பூமியை இப்படி ஒரு தடவையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு பருந்து எங்கள் றெக்கைக்குப் பக்கத்திலேயே சுற்றியது. அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சூட்டுக் காற்று அடியிலிருந்து தூக்கத் தூக்க, வாணி சாய்ந்து சாய்ந்து ஏற்றிக்கொண்டே போனாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவள் முகம் தெரியாது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சியது கேட்டுவிட்டது போலிருக்கிறது.

“அத்தை, அழுகறீங்களா?”

“காத்து அம்மணி. கண்ணுல அடிச்சிருச்சு.”

“கண்ணாடி மூடியிருக்குதுங்க அத்தை.”

முன்னால் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த உயரத்தில் சிரித்துக்கொண்டே சுற்றினோம்.

“ஆசைதான் அம்மணி” என்றேன். “கொட்டகையில தூசி தொடைக்கறேன்னு ஏறி உக்காந்தேன் பாரு, அப்ப இருந்தே. அதுக்கு முன்னாடி இருந்தே.”

“தெரியுமுங்க அத்தை” என்றாள் வாணி. “கெட்டியாப் பிடிச்சுக்குங்க, இன்னும் மேல போலாம்.”

மே 11

தண்ணி முறை நம்முடையது. பூபதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடுபாதைக்குக் கிளம்புகிறேன்.